மகேஸ்வரி சொந்தக் குரலில் பேசிய பொலிஸ் நாடகம்

சென்ற மாதம் தர்சிகா வவுனியாவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் எனக்குப் பக்கத்து அறையில் படத்தொகுப்புச் செய்தவள். எங்கள் தொலைக்காட்சியின் பழைய நாடகங்களைத் தூசி தட்டி இணையத்தில் ஏற்றும் பொறுப்பு இப்போது அவள் தலையில் விழுந்திருக்கிறது.

“அண்ணை, உங்கட பொலிஸ் நாடகத்தின்ர முதலாம் பகுதி பாத்துக்கொண்டிருக்கிறன். அந்தத் தாய் முறைப்பாடு குடுக்கிற இடத்தில பாண் விக்கிற ஓட்டோவின்ர பாட்டு ஒண்டு ஓடுது. இப்ப வந்திருக்கிற மென்பொருளில ஒரு தட்டுத் தட்டினா அது போயிடும். எடுத்துவிடவோ?”

“தொட்டியெண்டா இண்டைக்கே வவுனியாவுக்கு பஸ் ஏறுவன்” என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, அப்படியென்றால் காரணத்தை எழுதித் தாருங்கோ, இங்கே புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கொடுக்கிறேன் என்றாள். எழுதுகிறேன். அந்த மென்பொருளில் எனக்குக் கோபமில்லை. அது என் காலத்தில் இருந்திருந்தால், மழை நாளில் தகரக் கூரைக்குக் கீழே நின்று நான் பட்ட பாட்டில் பாதி மிச்சமாகியிருக்கும். நல்ல சாமான்தான். எதை எடுப்பது, எதை விடுவது என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து ஸ்கந்தபுரத்தில் காணி வெட்டி நெல் விதைத்த குடும்பம் எங்களுடையது. எனக்கு வயலில் மனம் ஒட்டவில்லை. கோயில் திருவிழாவுக்கும் செத்த வீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிற ஒருவரின் பின்னால் வயர் சுற்றித் திரிந்தேன். சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு கொழும்புக்குப் போய் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துத் தொழில் பழகினேன். பிறகு தொலைக்காட்சி. ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

படப்பிடிப்பில் ஒலிப்பதிவாளனுக்குக் கிடைக்கும் மரியாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளிச்சத்துக்கு அரை நாள் காத்திருப்பார்கள். ஒரு காகம் கத்தி ஓயும்வரை பொறுக்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். காட்சி முடிந்ததும் கமராக்காரரிடம் கேட்பார்கள், நடிகரிடம் கேட்பார்கள், குடை பிடித்தவரிடம்கூடக் கேட்பார்கள். என்னிடம் கேட்பதற்குள் சாமான் ஏற்றத் தொடங்கியிருப்பார்கள். அப்படியே பழகிப் போயிருந்தேன், பவானி அக்கா வரும்வரை.

பவானி அக்கா என்னைவிட வயதில் இளையவர். ஆனால் படப்பிடிப்புக் குழு முழுவதற்கும் அவர் அக்காதான். கிளிநொச்சிப் பக்கத்துச் சனத்தை வைத்துத் தமிழில் ஒரு பொலிஸ் நாடகம் எடுக்க வந்தவர். அவர் “கட்” என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. காட்சி முடிந்தால் கமராக்கார ஜெகனின் தோளில் கையை வைப்பார். அதுதான் அடையாளம். கத்தினால் காட்சியின் வால் அறுந்துவிடும், சனம் பேசி முடித்த பிறகும் அந்த இடத்தில் ஏதோ மிச்சம் இருக்கும், அது எனக்கு வேண்டும் என்பார். கை விழுந்ததும் அவர் முதலில் திரும்புவது என் பக்கம்.

“தேவண்ணை, உங்களுக்குச் சரியோ?”

இந்த ஒரு கேள்விக்காகவே அவருக்குக் காலம் முழுக்க நன்றி சொல்லலாம்.

அவர் வேலை செய்த விதத்தை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். கமரா எப்போதும் ஜெகனின் தோளில். காட்சியை ஜெகன் முன்கூட்டி வாசிக்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. அடுத்ததாக யார் பேசப் போகிறார் என்று தெரியாவிட்டால்தானே கமரா தேடும்? ஒருவர் பேசத் தொடங்கிய பிறகு அவசரமாகத் திரும்பும், கொஞ்சம் மங்கும், பிறகு பிடிக்கும். பார்ப்பவருக்குத் தானும் அந்த இடத்தில் நின்று தலையைத் திருப்பியது போல இருக்கும். எனக்கு நேர்மாறான கட்டளை. நான் முழுவதையும் பாடமாக்க வேண்டும். “படம் பிந்தலாம், சத்தம் பிந்தக்கூடாது. படம் மங்கினா சனம் பொறுக்கும். சொல் மங்கினா எழும்பிப் போயிடும்” என்பார். ஆகவே ஒரே காட்சியில் ஒன்றும் தெரியாதவன் ஒருவன், எல்லாம் தெரிந்தவன் ஒருவன். எங்கள் இரண்டு பேரையும் மேய்த்தவர் அவர். பின்னணி இசை ஒரு துளியும் கிடையாது.

நாடகத்தின் முதல் பகுதியில் ரியூசனுக்குப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்று ஒரு தாய் பொலிசுக்கு வருகிறாள். அந்தத் தாயாக நடிக்க வந்தவர்தான் மகேஸ்வரி. கிளிநொச்சியில் உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில் வேலை. அவருடைய தாத்தா பாட்டி மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். வீட்டில் இன்னமும் அந்தப் பேச்சுத்தான். ஒரு வீதி நாடகத்தில் அவரைப் பார்த்துவிட்டுப் பவானி அக்கா வீட்டுக்கே போய்க் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

மகேஸ்வரி ஒரேயொரு நிபந்தனை வைத்தார். “எங்க பேச்சு டிவியில வந்தா வேலைக்காரியா வரும், இல்லாட்டி மத்தவங்க சிரிக்கிறதுக்கு வரும். நான் அழுவுறப்ப வேற யாரோட கொரலாச்சும் வந்துச்சுன்னா அது நான் இல்லைங்க. என் கொரலு வர்றதா இருந்தா நடிக்கிறேன்.”

“உங்கட குரல்தான் வரும்” என்று பவானி அக்கா வாக்குக் கொடுத்தார்.

வாக்குக் கொடுப்பது லேசு. தொலைக்காட்சியின் நிகழ்ச்சி மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் வெளிநாட்டிலும் இருக்கிற சனம் பார்க்கிற நாடகம், இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள் என்றால் எல்லாம் முடிந்தது, கொழும்பில் ஒருவரை வைத்துக் குரல் கொடுப்போம் என்றார். இழுபறிப்பட்டுக் கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. இடத்தில் பதிவாகிற சத்தம் சுத்தமாக இருந்தால் மகேஸ்வரியின் குரல். பின்சத்தம் ஏதாவது விழுந்தால் டப்பிங். அதாவது அந்தப் பெண்ணின் குரல் என் மைக்கின் நுனியில் தொங்கியது. நான் கேட்டு வாங்காத சுமை அது. வீட்டில் நான் நெடுகலும் பெருமூச்சு விடுகிறேன் என்று மனைவி குறைப்பட்டாள்.

முதலில் எடுத்தது தொடக்கக் காட்சி. ரோந்து போகிற பொலிஸ் ஜீப் மகேஸ்வரியின் வீட்டு ஒழுங்கைக்குள் வருகிறது. ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் நடிகர்கள் என்று ஊருக்கு முன்னதாகவே சொல்லியிருந்தோம். சனமும் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. ஆனால் ஜீப் திருப்பத்தில் தெரிந்ததும் என் ஹெட்ஃபோனில் ஊர் காணாமல் போய்விட்டது. கிணற்றடியில் ஓடிய தண்ணீர் மெசின் நின்றது. ஒரு வீட்டு வானொலி நின்றது. தேங்காய் துருவிய சத்தம் நின்றது. நாயை யாரோ அதட்டி உள்ளே இழுத்தார்கள். ஜீப்பின் இரைச்சல் மட்டும் மிச்சம்.

பவானி அக்கா ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டுவிட்டு, “ஆளில்லாத ஊர் மாதிரிக் கிடக்கு. சனத்தைக் கொஞ்சம் சத்தம் போடச் சொல்லுங்கோ அண்ணை” என்றார். வாழ்க்கை முழுக்க வாயை மூடச் சொல்லித் திரிந்தவன், அன்றைக்கு வீடு வீடாகப் போய்ச் சத்தம் போடச் சொல்லிக் கெஞ்சினேன். தேங்காய் துருவிய அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன சத்தம் தம்பி போடுறது?”

“வழமையாச் செய்யிறதைச் செய்யுங்கோ அம்மா.”

“பொலிஸ் ஜீப் வந்தா வழமையா இதுதான் செய்யிறது.”

திரும்பி வந்து அதை அப்படியே சொன்னேன். பவானி அக்கா ஜீப்பின் மட்கார்ட்டில் சாய்ந்து நின்று கேட்டார். பிறகு திட்டத்தையே மாற்றினார். ஜீப் வர முதல் ஊர் முழுச் சத்தத்தோடு இருக்கட்டும். ஜீப் ஒவ்வொரு வீட்டுப் படலையாகக் கடக்கக் கடக்க ஒவ்வொரு சத்தமாக அடங்கட்டும். யாருக்கும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் ஆட்கள் அதைச் செய்து பழகியவர்கள். சைரனும் இல்லாமல் இசையும் இல்லாமல் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் கதிரை நுனிக்கு வந்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். அந்தப் பெருமை தேங்காய் துருவிய அம்மாவுக்குத்தான் சேர வேண்டும்.

அடுத்தது பொலிஸ் நிலையக் காட்சி. உள்ளே போய்ப் பதிவு செய்ய அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து என் சாரதி அனுமதிப்பத்திரம் எங்கேயோ விழுந்து தொலைந்தது. பொலிஸ் புத்தகத்தில் என்றி போடாமல் புதிதாக எடுக்க முடியாது. போய் மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். கையில் ஒன்றும் இல்லை, காது மட்டும்தான். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா ஆடு காணாமல் போன கதையைத் தமிழில் விரிவாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற கொன்ஸ்டபிள் அதைச் சிங்களத்தில் ஒரு வரியாகச் சொன்னார். சார்ஜன்ட் பெரிய புத்தகத்தில் எழுதினார். அந்த அம்மா பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் ஆடு அந்தக் கோடுகளுக்குள் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரியாது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கொன்ஸ்டபிள் தங்கமான பிள்ளை, அந்த அம்மாவுக்குத் தன் கதிரையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டுதான் கேட்டது. ஆனால் ஒருவர் சொல்லி, ஒருவர் மாற்றி, ஒருவர் எழுதி முடிகிற அந்த இடைவெளியில் மின்விசிறியும் பேனாவும் மட்டும் கேட்டன. நான் பார்த்த எந்தப் பொலிஸ் நாடகத்திலும் அந்தச் சத்தம் இருந்ததில்லை. எல்லாவற்றிலும் கேள்வி, பதில், மேசையில் அடி, அதிரடி இசை.

பவானி அக்காவிடம் சொன்னேன். “இதுதான் எனக்கு வேணும்” என்றார்.

ஸ்கந்தபுரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு நெல் களஞ்சியத்தைப் பொலிஸ் நிலையமாக்கினோம். மேசை, வாங்கு, கிறீச்சிடுகிற மின்விசிறி. அக்கம்பக்கத்து நெல் வெட்டு மெசின்காரர்களிடம் பின்னேரம் வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டோம், பெரிய மனது பண்ணி நிறுத்தினார்கள். முதல் தரம் எடுத்ததில் சத்தம் கண்ணாடி போல இருந்தது. மகேஸ்வரி வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னார்.

“தேவண்ணை, உங்களுக்குச் சரியோ?”

“சத்தம் சரி அக்கா.”

என்னை உற்றுப் பார்த்தார். “சத்தம் மட்டுமோ?”

“சத்தம் மட்டும்தான்” என்றேன். மகேஸ்வரி ஒப்புவித்ததை நானும்தானே கேட்டேன்.

இரண்டாம் தரத்துக்கு முன் கொன்ஸ்டபிளாக நடித்தவரைத் தனியே கூப்பிட்டு, மகேஸ்வரி எவ்வளவு சொன்னாலும் ஒரு வரியாகவே சிங்களத்தில் சொல்லும்படி காதுக்குள் சொன்னார் பவானி அக்கா. மகேஸ்வரிக்கு அது தெரியாது. காட்சி தொடங்கியது. பிள்ளை போட்டிருந்த சட்டை, ஓட்டிக்கொண்டு போன சைக்கிள், ரியூசன் விடுகிற நேரம், கூடப் போகிற சிநேகிதி என்று மகேஸ்வரி மூச்சுவிடாமல் சொன்னார். கொன்ஸ்டபிள் ஒரு வரி சொன்னார். மகேஸ்வரி திகைத்துப் போய் அவர் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதானா என்று கேட்கிற பார்வை. சார்ஜன்ட் எழுதத் தொடங்கினார். பேனாச் சத்தம்.

அந்த நேரம் பார்த்துப் பாணும் பணிசும் விற்கிற ஓட்டோ வந்தது. ஊரில் எல்லோருக்கும் சொன்ன நாங்கள் அந்த மனிதருக்குச் சொல்ல மறந்துவிட்டோம். வழமையான பாட்டைப் போட்டபடி ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டார். இப்படி ஒன்று நடந்தால் நடிகர்கள் உடனே இயக்குநரைத்தான் பார்ப்பார்கள். மகேஸ்வரி பார்க்கவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு மெல்ல வாசல் பக்கம் திரும்பினார்.

“இந்தச் சத்தம் கேட்டா எம்புள்ளதாங்க மொத ஆளா ரோட்டுக்கு ஓடுவா. சீனிச் சம்பல் பணிஸ்னா அவளுக்கு உசுரு.” கொஞ்சம் நிறுத்தினார். “இன்னிக்கு யாருங்க ஓடுறது?”

எழுதித் தந்ததில் இப்படி ஒரு சொல்லும் இல்லை. சார்ஜன்டின் கையைப் பார்த்து நின்ற ஜெகனின் கமரா தடுமாறித் திரும்பி, மங்கி, பாதி முகத்தில் போய் நின்றது. என் மைக் தற்செயலாக அங்கேதான் இருந்தது. கொன்ஸ்டபிளாக நடித்தவர் அதைச் சிங்களத்தில் சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் விட்டார். சார்ஜன்டின் பேனா நின்றுவிட்டது. பாட்டு ஒழுங்கை முடிவில் தேய்ந்து போகும்வரை பவானி அக்காவின் கை ஜெகனின் தோளில் விழவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். “பாட்டு விழுந்திட்டுது அக்கா” என்றேன்.

“பேச்சு விளங்குதோ?”

“ஒரு சொல்லும் விடாமல் விளங்குது.”

மகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். “பாட்டு விழுந்தா என் கொரலு போயிரும்னு சொன்னீங்களே?”

பவானி அக்கா மழுப்பவில்லை. “ஓம். முதல் தரம் எடுத்தது சுத்தமாக் கிடக்கு. அதைப் போட்டா உங்கட குரலில ஒருத்தரும் கை வைக்க ஏலாது. இதைப் போட்டா நான் சண்டை பிடிப்பன், ஆனா வெல்லுவன் எண்டு சொல்ல மாட்டன். ரெண்டையும் கேட்டிட்டு நீங்களே சொல்லுங்கோ.”

என் ஹெட்ஃபோனை வாங்கி, நின்றபடியே இரண்டையும் கேட்டார் மகேஸ்வரி. “மொதல்ல பேசுனது மனப்பாடங்க. ரெண்டாவதுதான் புள்ளையக் காணாதவ பேசுறது. அதையே போடுங்க” என்றார். எதற்காக நடிக்க வந்தாரோ அதையே பணயம் வைத்துவிட்டுப் பின்னேர பஸ்ஸுக்கு ஓடினார்.

மேலாளர் சொன்ன சொல்லில் நின்றார். பின்சத்தம் விழுந்தால் டப்பிங். கொழும்பில் ரஞ்சிதம் அக்காவைக் கூப்பிட்டார்கள். எத்தனையோ நாடகங்களுக்குக் குரல் கொடுத்தவர். எந்த வாய்க்கும் தன் பேச்சை ஒட்டிவிடக் கூடியவர். பதிவு மேசையில் நான். மூன்று தரம் பேசினார், மூன்று தரமும் வாய் அச்சொட்டாகப் பொருந்தியது. மேலாளருக்குச் சந்தோஷம். ரஞ்சிதம் அக்கா மட்டும் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

“தேவன், படத்தை நிப்பாட்டிப்போட்டு அவ பேசினதை மட்டும் ஒருக்காப் போடுங்கோ.”

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழும்பி மேலாளரிடமே போனார்.

“வாய் ஒட்டுறது என்ர தொழில், ஒட்டிப்போட்டன். ஆனா பாட்டு வரேக்க அந்தப் பிள்ளை ஒரு மூச்சை இழுத்து வைச்சிருக்கு. அது என்னட்ட இல்லை. நான் பேசினா சனம் என்ர குரலைக் கேக்கும். அவ பேசினாத்தான் பிள்ளையைத் தேடும். இதை அழியுங்கோ.”

மேலாளர் நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்பது போல என்னை முறைத்தார். பிறகு கையை விரித்தார். “ஒரு பகுதி போட்டுப் பாப்பம். சனம் சிரிச்சுதெண்டா ரெண்டாம் பகுதியில இருந்து டப்பிங்தான். பேந்து ஒருத்தரும் என்னோட கதைக்கப்படாது.”

ரஞ்சிதம் அக்கா தான் செய்த வேலையைத் தானே அழிக்கச் சொன்னவர். அந்தப் பெருந்தன்மையை நான் வேறு எங்கும் காணவில்லை. அவருக்கும், என்னிடம் முதலில் கேட்ட பவானி அக்காவுக்கும், துணிந்து இரண்டாவதைக் கேட்டு வாங்கிய மகேஸ்வரிக்கும் நடுவில் நின்று வேலை செய்யக் கிடைத்தது என் பாக்கியம். இதை அவர்களின் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன்.

முதலாம் பகுதி ஒளிபரப்பான சனிக்கிழமை பின்னேரம் மகேஸ்வரியின் வீட்டில் இருந்தேன். கூட வேலை செய்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர்களில் சுகந்தி என்று ஒருத்தி. தொழிற்சாலையில் மகேஸ்வரி வாயைத் திறந்தாலே “வாங்க, போங்க” என்று இழுத்துப் பேசிக் காட்டிப் பகிடி பண்ணுபவள். கெட்ட மனம் இல்லை, வாய்த் துடுக்கு. அன்றைக்கும் வரும்போதே, “நடிகை அம்மா, வணக்கமுங்க” என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள்.

மகேஸ்வரி குசினி வாசலில் நின்றார். தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜீப் வந்தது, ஊர் அடங்கியது, அறையும் அடங்கியது. பிறகு அந்தத் தாய் பொலிஸ் நிலைய வாசலில் வந்து நின்று, “ஐயா, எம்புள்ளையக் காணோங்க” என்றாள். சுகந்தியின் கை பழக்க தோஷத்தில் வாய்க்குப் போனது. சிரிப்பை அடக்கப் போகிற கை. மகேஸ்வரி அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

கை வாயிலேயே இருந்தது. கொன்ஸ்டபிள் ஒரு வரி சொன்னார், பேனா எழுதியது, தாய் வாசல் பக்கம் திரும்பினாள், பேசினாள். விளம்பரம் வந்த பிறகுதான் சுகந்தி கையை எடுத்தாள். முகம் முழுக்க ஈரம். அறையைச் சுற்றித் தேடி, குசினி வாசலில் நின்ற மகேஸ்வரியைக் கண்டுபிடித்தாள்.

“அக்கா, பேந்து பிள்ளை கிடைச்சதோ?”

“கெடைச்சிருவா” என்றார் மகேஸ்வரி. “நீ அழுவாத.”